காணாமல் போகும் செய்தியைப் பிடிப்பது: ஸீரோஎம்கியூவை மூலநிரலிலிருந்து கட்டிப் பிழை தேட ஒரு வழிகாட்டி

பாடாங் செராயிலிருந்து கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவுக்கு வேலைக்குப் போய்வரும் பிள்ளைகளில் நிரல் எழுதத் தெரிந்தவர்கள் இப்போது நிறைய. பைத்தான் நன்றாக வரும், சி++ ஓரளவு வரும். ஆனால் ஒரு நூலகத்தின் மூலநிரலை இறக்கித் தன் கையால் கட்டி (பில்ட் செய்து) பார்த்தவர்கள் குறைவு. “இன்ஸ்டால் பண்ணா ஓடுது லாண்ணே, எதுக்கு நாம கட்டணும்?” என்று கேட்கிறார்கள். ஓடுகிறவரை தேவையில்லைதான். செய்தியை அனுப்பியாயிற்று, பிழை எதுவும் வரவில்லை, அந்தப் பக்கம் எதுவும் போய்ச் சேரவும் இல்லை என்று ஒரு நாள் வரும். அன்றைக்கு நூலகத்தின் உள்ளே போய்ப் பார்க்கத் தெரிந்தவனுக்கு அரை மணி நேர வேலை. தெரியாதவனுக்கு ஒரு வாரம் போகும், அப்போதும் கேபிளைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்பான்.

நான் எடுத்துக்கொள்வது ஸீரோஎம்கியூ. 2007இல் ஐமேட்டிக்ஸ் நிறுவனம் தொடங்கிய செய்தி நூலகம், அதாவது நிரல்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ள உதவுவது. நடுவில் தனி சர்வர் எதுவும் வேண்டாம், உங்கள் நிரலோடு சேர்ந்தே ஓடும். உள்ளே சி++, வெளியே சி மொழி முகப்பு. பலவகை சாக்கெட்கள், அதாவது செய்தி போய்வரும் வாசல்கள், இதில் உண்டு. யாருக்கு எது போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவது ‘ரவுட்டர்’ சாக்கெட்டின் வேலை.

பயிற்சிக்கு நம் பக்கத்துக் காட்சி ஒன்றையே வைத்துக்கொள்வோம். செம்பனைப் பழம் வாங்கும் ரேம்ப் மூன்று. ஒவ்வொன்றிலும் லாரி எடைப்பாலம், பக்கத்தில் ஒரு பழைய கணினி. லாரி ஏறி நின்றதும் எடை டவுன் ஆபீசுக்கு வர வேண்டும், ஆபீஸ் சீட்டு எண்ணைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆபீஸ் கணினியில் ரவுட்டர் சாக்கெட், ரேம்ப் கணினிகளில் ரவுட்டரோடு பேசும் ‘டீலர்’ சாக்கெட். ஒவ்வொரு ரேம்புக்கும் ஒரு வழிப்பெயர்: ஆர்1, ஆர்2, ஆர்3. ரவுட்டர் ஒரு செய்தியை வாங்கும்போது அதன் முதல் துண்டில் அனுப்பியவரின் வழிப்பெயரைச் சேர்த்துத் தரும். திருப்பி அனுப்பும்போது நீங்களும் முதல் துண்டில் வழிப்பெயரை வைக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் இணைப்பைத் தேடும்.

தோட்ட ஆபீசில் தபால் பிரிக்கும் கிராணியை நினைத்துக்கொள்ளுங்கள். உறை மேலுள்ள பேர் செக்ரோலில் (ஆள் பதிவேட்டில்) இருந்தால் தபால் லயத்துக்குப் போகும். இல்லாவிட்டால் இந்தக் கிராணி திருப்பி அனுப்ப மாட்டார், யாரிடமும் சொல்லவும் மாட்டார். குப்பைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த உறையை எடுப்பார். ரவுட்டரின் இயல்பான நடத்தை இதுதான். ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது, ஆனால் அதை முதலில் படிப்பவர் யார்?

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் பெயர்களையும் வாயால் சொல்வதுபோல் தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

தேவையானவை

லினக்ஸ் வேண்டும். உபுண்டு இருந்தால் நல்லது. விண்டோஸ் மடிக்கணினிதான் என்றால் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) போட்டு அதற்குள் உபுண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏபிடி மூலம் நிறுவ வேண்டியவை: கிட், பில்ட்-எசென்ஷியல், சிமேக் (கட்டும் வேலையை அமைத்துத் தருவது), பிகேஜி-கன்ஃபிக் (நூலகம் இருக்கும் இடத்தைச் சொல்வது), ஜிடிபி (ஓடும் நிரலை நிறுத்திப் பார்க்கும் பிழைதேடி). குறியாக்கம் தேவைப்பட்டால் லிப்சோடியத்தின் டெவ் பொதியும். இந்தப் பயிற்சிக்கு அது வேண்டாம்.

டபிள்யூஎஸ்எல்லில் புதியவர்கள் சிக்குவது ஒரே இடத்தில். மூலநிரலை விண்டோஸின் சி டிரைவில் வைத்துக்கொண்டு லினக்ஸ் பக்கத்திலிருந்து கட்டப் பார்ப்பார்கள். மிக மெதுவாக ஓடும். போதாததற்கு, விண்டோஸ் கிட் இறக்கிய கோப்புகளில் வரி முடிவுக் குறி மாறியிருந்தால் ஸ்கிரிப்ட்கள் முதல் வரியிலேயே ‘பேட் இன்டர்பிரட்டர்’ என்று விழும். லினக்ஸ் ஹோம் ஃபோல்டருக்குள், லினக்ஸ் கிட்டைக் கொண்டே இறக்குங்கள்.

கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் டேட்டா எண்ணி எண்ணிப் பயன்படுத்துகிறவர்கள் முழு வரலாற்றையும் இறக்க வேண்டாம். கிட் குளோனுக்கு ‘டெப்த் 1’ என்றும், ‘பிராஞ்ச்’ என்ற இடத்தில் வி4.3.5 என்றும் கொடுத்தால் அந்த வெளியீடு மட்டும் வரும். களஞ்சியத்தின் பெயர் லிப்இசட்எம்கியூ, கிட்ஹப்பில் ஸீரோஎம்கியூ அமைப்பின் கீழ் இருக்கிறது. 4.3.5 வெளிவந்தது 2023இல், அதிலிருந்து உரிமம் எம்பிஎல் 2.0. உங்கள் சொந்த நிரலோடு இணைத்து விற்கலாம். நூலகத்தின் கோப்புகளையே மாற்றி வெளியிட்டால் அந்தக் கோப்புகளின் மூலநிரலைத் திறந்து காட்ட வேண்டும்.

கட்டுதல்

இரண்டு வழிகள் உண்டு. பழைய வழி ஆட்டோஜென், கன்ஃபிகர், மேக் என்ற வரிசை. மற்றது சிமேக். இரண்டும் சரிதான், ஆனால் புதியவர்களுக்கு நான் சிமேக்கைத்தான் சொல்வேன். பழைய வழியில் கட்டிய சோதனை நிரல்கள் லிப்டூல் உறைக்குள் இருக்கும், ஜிடிபியை நேராக அவற்றின்மேல் ஓட்ட முடியாது. ‘லிப்டூல் மோட் எக்ஸிகியூட்’ என்று முன்னால் போட்டால்தான் ஓடும். முதல் நாளே அந்தத் தலைவலி எதற்கு?

மூலநிரல் ஃபோல்டருக்கு வெளியே ‘கட்டு’ என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். வேலை கெட்டுப்போனால் அதை மட்டும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம், மூலநிரல் அப்படியே இருக்கும். சிமேக்கிடம் நான்கு விஷயம் சொல்ல வேண்டும். பில்ட் வகை: டிபக். நிறுவும் இடம்: ஹோமுக்குள் இசட்எம்கியூ-டிபக் என்ற தனி ஃபோல்டர். பில்ட்-டெஸ்ட்ஸ்: ஆன். எனேபிள்-டிராஃப்ட்ஸ்: ஆஃப். கடைசி அமைப்பு பலருக்குத் தெரியாது. கிட்டிலிருந்து எடுத்த மூலநிரல் என்றால் இன்னும் முடிவாகாத டிராஃப்ட் அம்சங்கள் தானாகவே சேர்ந்துகொள்ளும். உபுண்டு தரும் பொதியோடு நீங்கள் கட்டியதை ஒப்பிட வேண்டியிருக்கும்போது அந்த வித்தியாசம் வீண் குழப்பம்.

சிமேக் 4 வைத்திருப்பவர்களுக்கு இங்கேயே ஒரு முட்டுக்கட்டை. 3.5க்கு முந்தைய சிமேக்குக்கான ஒத்திசைவு நீக்கப்பட்டது என்று சொல்லி நின்றுவிடும், ஏனென்றால் 4.3.5இன் அமைப்புக் கோப்பு இன்னும் பழைய பதிப்பைத்தான் குறைந்தபட்சமாகக் கேட்கிறது. நூலகத்தில் தவறில்லை, கோப்பைத் திருத்தவும் வேண்டாம். ‘சிமேக் பாலிசி வெர்ஷன் மினிமம்’ என்ற மாறிக்கு 3.5 கொடுத்து மறுபடி ஓட்டினால் போகும்.

அடுத்து கட்டும் கட்டளை. நாலு ஜிபி ராம் உள்ள கணினி என்றால் ஒரே நேரத்தில் இரண்டு வேலைக்கு மேல் கொடுக்காதீர்கள், அதாவது ‘ஜே2’. ராம் தீர்ந்தால் கம்பைலர் பாதியில் கொல்லப்படும், பிழைச் செய்தியும் தெளிவாக இருக்காது. ஜே2 கொடுத்துவிட்டு ஒரு தே ஓ குடித்து வாருங்கள்.

மதியத்துக்கு மேல் இடி மழை வந்து கரண்ட் போவது நமக்குப் புதிதில்லை. பேட்டரி செத்த மடிக்கணினி என்றால் கட்டும் வேலை பாதியில் நின்றுவிடும். கரண்ட் வந்ததும் அதே கட்டளையை ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் கடைசியில் இணைக்கும் கட்டத்தில் ‘ஃபைல் ஃபார்மட் நாட் ரெகக்னைஸ்டு’ அல்லது ‘ஃபைல் டிரன்கேட்டட்’ என்று வந்தால், கரண்ட் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஒரு ஆப்ஜெக்ட் கோப்பு காலியாகவோ அரைகுறையாகவோ கிடக்கிறது என்று பொருள். கோப்பு இருக்கிறது, தேதியும் புதிது, ஆகவே மேக் அதை முடிந்த வேலையாக எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தியில் பெயர் இருக்கும். அந்த ஒரு ‘.ஓ’ கோப்பை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள், எல்லாவற்றையும் துடைக்க வேண்டாம்.

கட்டி முடிந்ததும் சிடெஸ்ட் ஓட்டுங்கள். நிறைய சோதனைகள் ஓடும். மெதுவான கணினியில் நேரத்தை நம்பியிருக்கும் ஒன்றிரண்டு விழக்கூடும். உடனே பதறாமல் ‘ரீரன் ஃபெயில்ட்’, ‘அவுட்புட் ஆன் ஃபெயிலியர்’ என்ற இரண்டு தேர்வுகளோடு விழுந்தவற்றை மட்டும் மறுபடி ஓட்டுங்கள். இரண்டாம் முறையும் அதே இடத்தில் விழுந்தால்தான் பார்க்க வேண்டிய விஷயம். பிறகு நிறுவும் கட்டளை. இடம் உங்கள் ஹோமுக்குள் இருப்பதால் சூடோ தேவையில்லை.

ஓடுவது எந்த நூலகம்?

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். நீங்கள் கட்டியதும் உபுண்டு தருவதும் ஒரே பெயர்தான், இரண்டுமே லிப்இசட்எம்கியூ.எஸ்ஓ.5. நாம் கட்டியதைத்தான் சோதிக்கிறோம் என்று நீங்கள் நினைத்திருக்க, ஓடுவது உபுண்டுவுடையதாக இருக்கும். எத்தனை பிரேக்பாயின்ட் (நிரல் நிற்க வேண்டிய இடம்) வைத்தாலும் மூலநிரல் தெரியாது. (உபுண்டுவில் டெவ் பொதியின் பெயரில் 3 என்று இருக்கும், உள்ளே இருப்பதோ 4ஆம் பதிப்பு. பெயரைப் பார்த்துப் பழையது என்று ஒதுக்காதீர்கள்.)

பயிற்சி நிரலைக் கம்பைல் செய்யும்போது ஹெடரும் நூலகமும் உங்கள் ஃபோல்டரிலிருந்து வரட்டும். பிகேஜி-கன்ஃபிக் பாத் மாறியை அங்கே திருப்பினால் போதும். ஓடும்போதும் அங்கேயே தேட வேண்டும் என்பதற்காக லிங்கருக்கு ‘ஆர்பாத்’ கொடுங்கள். பிறகு எந்த நூலகம் ஏறும் என்று காட்டும் எல்டிடி கட்டளையை உங்கள் நிரல்மேல் ஓட்டி இசட்எம்கியூ வரியைப் பாருங்கள். அம்புக்குறிக்கு வலப்பக்கம் உங்கள் ஹோம் ஃபோல்டர் தெரிந்தால் சரி.

பைத்தான்காரர்களுக்கு: பிப் மூலம் வரும் பைஇசட்எம்கியூ பொதி தனக்குள்ளேயே ஒரு லிப்இசட்எம்கியூவைச் சுமந்து வருகிறது. நீங்கள் கட்டியதை அது கண்டுகொள்ளாது. ‘நோ பைனரி’ என்று கேட்டு அதையும் மூலநிரலிலிருந்தே நிறுவ வேண்டும். முதல் பயிற்சியைச் சி++இலேயே செய்துவிடுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து நூறு வரிகூட வராது.

முதல் வேட்டை: தப்பான வழிப்பெயர்

ஆபீஸ் நிரலில் வேண்டுமென்றே ஆர்9க்கு ஒரு செய்தி அனுப்புங்கள். அப்படி ஒரு ரேம்ப் இல்லை. அனுப்பும் செயல்கூறு வெற்றி என்றே சொல்லும்.

இப்போது அதே நிரலை ஜிடிபியில் திறந்து, இசட்எம்கியூ::ரவுட்டர்_டி::எக்ஸ்சென்ட் என்ற இடத்தில் பிரேக்பாயின்ட் வையுங்கள். நூலகம் இன்னும் ஏறாததால், பின்னால் ஏறும்போது வைக்கட்டுமா என்று ஜிடிபி கேட்கக்கூடும். ஒய் என்று சொல்லுங்கள். ரன் கொடுத்தால் முதல் துண்டு அனுப்பும்போது நிற்கும். நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று நடந்து போங்கள். வழிப்பெயரைக் கொண்டு இணைப்பைத் தேடும் வரி வரும். அதைத் தாண்டியதும் _கரன்ட்_அவுட் என்ற மாறியைப் பிரின்ட் செய்யுங்கள். ஆர்1க்கு அனுப்பும்போது அதில் ஒரு முகவரி இருக்கும். ஆர்9க்குச் சுழியம். சுழியம் என்றால் அடுத்து வரும் துண்டுகள் எல்லாம் சத்தமில்லாமல் மூடி வீசப்படும். அந்த வரிகளை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். மாறியின் இடத்தில் ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ என்று வந்தால் பில்ட் வகை டிபக் ஆகவில்லை.

பக்கத்திலேயே _மேன்டேட்டரி என்ற மாறியைச் சரிபார்க்கும் வரியும் இருக்கும். தீர்வு அதுதான். ரவுட்டர் சாக்கெட்டில் ‘ரவுட்டர் மேன்டேட்டரி’ என்ற தேர்வுக்கு 1 கொடுத்தால், வழி தெரியாத செய்திக்குப் பிழை திரும்பும். வரும் வாசகம் ‘ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’. இதைப் பார்த்ததும் புதியவர்கள் மோடத்தை அணைத்துப் போடுவார்கள். நெட்வொர்க் நன்றாகவே இருக்கும், கிடைக்காதது வழிப்பெயர்தான். ரேம்ப் நிரல் இணைந்து முடிப்பதற்குள் ஆபீஸ் அவசரப்பட்டு அனுப்பினாலும் இதே பிழைதான். வழி தெரிந்தும் வரிசை நிரம்பியிருந்தால், அனுப்பும் செயல்கூறு இயல்பில் இடம் கிடைக்கும்வரை காத்து நிற்கும்; காத்திருக்காதே (‘டோன்ட்வெயிட்’) என்று சொல்லியிருந்தால் வருவது வேறு பிழை, ‘ஈஅகெய்ன்’. வரிசையின் இயல்பான எல்லை 1000 செய்திகள்.

என் கருத்தில், கற்றுக்கொள்கிற காலத்தில் எழுதும் ஒவ்வொரு ரவுட்டர் நிரலிலும் இந்தத் தேர்வு இருக்க வேண்டும்.

இரண்டாவது வேட்டை: மழைக்குப் பிறகு பேசாத ரேம்ப்

உண்மையான வேலையில் ஆளை அலைக்கழிப்பது இதுதான். மழையில் ரேம்ப்பின் மோடம் திடீரென்று அணைகிறது. திரும்பி வருகிறது. ரேம்ப் நிரல் மறுபடி இணைகிறது, டிசிபி இணைப்பும் நிற்கிறது. ஆனால் எடை வரவில்லை. ஆபீஸ் நிரலை மூடித் திறந்தால் சரியாகிவிடுகிறது. ஆகவே எல்லோரும் அதையே வைத்தியமாக வைத்துக்கொள்வார்கள்.

நடப்பது என்னவென்றால், கரண்ட் சட்டென்று போனதால் பழைய இணைப்பு மூடப்படுகிறது என்ற தகவல் ஆபீசுக்கு வரவேயில்லை. ரவுட்டரின் கணக்கில் ஆர்1 இன்னும் உயிரோடு இருக்கிறது. புது இணைப்பும் ஆர்1 என்றே வருகிறது. ஒரே பெயரில் இரண்டாவது ஆள் வந்தால் ரவுட்டர் அவரைச் சேர்ப்பதில்லை. இதற்கும் பிழைச் செய்தி கிடையாது.

மழைக்குக் காத்திருக்காமல் ஒரே கணினியில் இதை வரவழைக்கலாம். ஆபீஸ் நிரலை ஜிடிபியில் ஓட்டுங்கள். இன்னொரு டெர்மினலில் ரேம்ப் நிரலை ஆர்1 என்ற பெயரில் ஓட்டி, எடை போய்ச் சீட்டு எண் வருகிறதா என்று பாருங்கள். இப்போது அந்த டெர்மினலில் கன்ட்ரோல்-இசட் அழுத்துங்கள். நிரல் உறைந்து நிற்கும், ஆனால் இணைப்பைக் கெர்னல் மூடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். கரண்ட் போன மோடத்துக்கு இது ஏறக்குறைய சமம். மூன்றாவது டெர்மினலில் அதே ரேம்ப் நிரலை அதே ஆர்1 பெயரில் ஓட்டுங்கள். எடை போகாது. ஆபீஸ் அசையாது.

பிரேக்பாயின்டை இம்முறை ரவுட்டர்_டியின் ஐடென்டிஃபை_பியர் என்ற செயல்கூறில் வையுங்கள். ஒரு இணைப்புக்கே ஒன்றுக்கு மேற்பட்ட முறை நிற்கலாம், கன்டினியூ கொடுத்துக்கொண்டே போங்கள். மூன்றாவது டெர்மினல் இணையும்போது நின்றால் அங்கிருந்து நெக்ஸ்ட். வழிப்பெயர் படிக்கப்படும், பிறகு அதே பெயரில் ஏற்கெனவே யாராவது இருக்கிறார்களா என்று தேடப்படும், கிடைத்துவிடும். உடனே _ஹேண்ட்ஓவர் சரிபார்க்கப்படும். பிரின்ட் செய்தால் ஃபால்ஸ். அடுத்த நெக்ஸ்டில் செயல்கூறு ஃபால்ஸ் திருப்பி வெளியேறும்.

ஆபீஸ் பக்கத்தில் ‘ரவுட்டர் ஹேண்ட்ஓவர்’ தேர்வுக்கு 1 கொடுத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். புதியவர் பெயரை எடுத்துக்கொள்வார், பழைய இணைப்பு கழற்றிவிடப்படும். கூடவே ‘ஹார்ட்பீட் இன்டர்வல்’ தேர்வையும் மில்லிசெகண்டில் கொடுங்கள். இயல்பில் அது சுழியம், அதாவது வேலை செய்யாது. கொடுத்தால், பதில் சொல்லாத இணைப்பை நூலகமே கண்டுபிடித்துக் கழற்றும். தேர்வுகள் எல்லாவற்றையும் பைண்ட், கனெக்ட் செய்வதற்கு முன்னால் போடுங்கள். ரேம்ப் பக்கத்தில் வழிப்பெயரும் அப்படித்தான், கனெக்ட்டுக்குப் பின் கொடுத்தால் அந்த இணைப்பில் ஏறாது.

ஹேண்ட்ஓவரில் ஒரு ஆபத்தும் உண்டு. ஒரு ரேம்ப்பின் கணினியை அப்படியே நகல் எடுத்து இன்னொரு ரேம்ப்பில் வைத்து, பெயரை மாற்ற மறந்தால் இரண்டும் ஆர்1. ஒன்று மற்றதைத் தள்ளும், தள்ளப்பட்டது மறுபடி இணைந்து முதலாவதைத் தள்ளும். எடை பாதி வரும், பாதி வராது. ஆகவே நகல் எடுத்த கணினியில் முதல் வேலையாக வழிப்பெயரை மாற்றிவிடுங்கள். பெயர் சிறிய ஆங்கில எழுத்தாகவே இருக்கட்டும். தமிழிலும் வைக்கலாம், நூலகத்துக்கு எல்லாம் பைட்தான், 255 பைட் வரை ஏற்கும். ஆனால் ஜிடிபியில் எண்களாகத்தான் தெரியும், தேடும்போது கண் வலிக்கும்.

மற்ற சில

நிரல் முடியும்போது தொங்கி நின்றால், இன்னொரு டெர்மினலிலிருந்து ஜிடிபியை அந்தப் பிராசஸோடு இணைத்து ‘திரெட் அப்ளை ஆல் பிடி’ கொடுங்கள். இசட்எம்கியூபிஜி என்று தொடங்கும் பெயரில் ரீப்பர் ஒன்றும் ஐஓ ஒன்றும் இருக்கும். அவை நூலகத்தின் பின்னணி இழைகள் (திரெட்), ‘ஈபோல்’ என்ற கெர்னல் அழைப்பில் காத்து நிற்பது இயல்பு. மெயின் இழை சிடிஎக்ஸ்_டெர்மில் நின்றால், ஏதோ ஒரு சாக்கெட்டை மூடவில்லை, அல்லது மூடியும் அனுப்ப வேண்டிய செய்தி மிச்சம் இருக்கிறது. ‘லிங்கர்’ தேர்வின் இயல்பு மதிப்பு -1, அதாவது அனுப்பி முடியும்வரை எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். 1000 மில்லிசெகண்ட் போல ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.

டீலருக்குப் பதில் ரெக் (கேட்டுப் பதில் வாங்கும்) சாக்கெட் வைத்தால் இடையில் ஒரு காலித் துண்டு வரும். ஆபீஸ் திருப்பி அனுப்பும்போது அந்தக் காலித் துண்டையும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ரெக் அந்தப் பதிலைத் தூக்கிப் போட்டுவிடும். ஒரே சாக்கெட்டை இரண்டு இழைகளில் பயன்படுத்தாதீர்கள். வரும் அசெர்ஷன் பிழைகள் சம்பந்தமே இல்லாத வரியைக் காட்டும்.

ரேம்ப்பில் ஓடப்போகும் கணினிக்கு டிபக் வகையில் கட்டியதை அப்படியே வைக்க வேண்டாம். இன்னொரு கட்டு ஃபோல்டரில் பில்ட் வகையை ‘ரெல்வித்டெப்இன்ஃபோ’ என்று மாற்றிக் கட்டுங்கள். வேகமும் இருக்கும், நின்றுபோனால் பேக்டிரேஸில் வரி எண்ணும் தெரியும். வைத்த பிறகு அங்கேயும் ஒரு முறை எல்டிடி ஓட்டிப் பாருங்கள்.